நாலாவது பந்தில் தளர்ந்த கயிறு

என் கணவர் தண்ணீரில் விழுவதை எண்ணிச் சொல்வது என் வேலை. சம்பளமில்லாத வேலைதான், ஆனால் பொறுப்பானது. இழுவைப் படகை ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும். இன்னொருவர் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கயிற்றின் மறுமுனையில் ஒற்றைப் பலகையில் வருகிறவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விழுந்தால் கையை உயர்த்த வேண்டும், தண்ணீரில் மிதக்கும் பந்துகளில் எத்தனையைச் சுற்றினார் என்று கணக்கு வைக்க வேண்டும். கற்பிட்டிப் பக்கம், கடல் உள்ளே புகுந்து தேங்கிய களப்பில் அபாயாவுக்கு மேல் மிதப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, போகிற திசைக்கு முதுகைத் திருப்பியபடி போகிற பெண் நான் ஒருத்திதான். முதல் நாள் கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த பெண்கள் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "எங்க போறா இவ, பின்னுக்குப் பாத்துட்டு?" என்று ஒருத்தி சொன்னது படகு வரைக்கும் வந்தது. எனக்கும் பதில் தெரியாததால் நானும் சிரித்துவிட்டேன்.

கணவர் வளைகுடாவுக்கு என்ஜின் திருத்தப் போனவர். வேலை கிடைத்தது ஒரு நீர் விளையாட்டுக் கழகத்தில். அங்கே யாரோ பழசென்று ஒதுக்கிய பலகையில் ஓய்வு நேரங்களில் ஏறிப் பழகியிருக்கிறார். போனில் எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊருக்குத் திரும்புகிறவர்கள் டீவி கொண்டுவருவார்கள், நகை கொண்டுவருவார்கள். இவர் ஒரு கம்பளச் சுருளோடு வந்து இறங்கினார். நல்ல கம்பளம் என்று சந்தோஷப்பட்டுப் பிரித்தால், உள்ளே ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கறுப்புப் பலகை. அதன் மேல் இரண்டு சப்பாத்துகள், ஒன்றின் பின்னால் ஒன்று.

"இது என்னத்துக்கு?" என்றேன்.

"வெளயாட்டுக்கு."

"யாருக்கு வெளயாட?"

நாற்பதைத் தாண்டிய மனிதர், அலுமாரிக்குப் பின்னால் அந்தப் பலகையை ஒளித்து வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் புரியாது. தண்ணீரில் ஆறு பந்துகள் நங்கூரமிட்டு மிதக்கும், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. படகு நடுவே நேர்கோட்டில், ஒரே வேகத்தில் ஓட வேண்டும். அந்தக் கோட்டைக் காட்டுவதற்கும் சோடி சோடியாகச் சின்னப் பந்துகள் உண்டு. கயிற்றைப் பிடித்து வருகிறவர் படகுக்குப் பின்னால் குறுக்கும் மறுக்குமாகப் பாய்ந்து ஆறு பந்தையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். சுற்றிவிட்டால் பரிசு என்னவென்றால், கயிற்றைக் குறுக்கிவிட்டு மறுபடியும் வரச் சொல்வார்கள். அதையும் சுற்றினால் இன்னும் குறுக்குவார்கள். ஒரு கட்டத்தில் பிடி தவறும், அல்லது பந்து தவறும். அதோடு முடிந்தது. உலகத்தில் எவ்வளவு பெரிய வீரரானாலும் இந்த விளையாட்டைத் தவறித்தான் முடிக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, இதைவிடக் கிறுக்குத்தனம் வேறு உண்டா என்று கேட்டேன்.

ஆனால் மனசுக்குள் எனக்கு ஒரு கேள்வி விழுந்துவிட்டது. கயிற்றைக் குறுக்கிக்கொண்டே போனால், படகின் கோட்டிலிருந்து பந்து நிற்கும் தூரத்தை விடக் கயிறு குட்டையாகிவிடும் அல்லவா? பிறகு எப்படிச் சுற்றுவது? நான் தையற்காரி. கடலில் பலகையோடு ஆளை இழுத்துக்கொண்டு பறக்கும் பெரிய பட்டங்கள் கிழிந்தால் வெள்ளைக்காரர்கள் என் கடைக்குத்தான் கொண்டுவருவார்கள். வெட்டும் மேசையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, நூலைப் பிடித்து அளந்து பார்த்தேன். அளவு சரிதான், கயிறு எட்டாது. "மிச்சத்துக்கு ஆள் நீளணும்" என்றார் கணவர். உடம்பைத் தண்ணீரோடு தண்ணீராகச் சரித்து, கையையும் இடுப்பையும் நீட்டி, கயிறு எட்டாத மிச்சத்தை மனிதனே எட்ட வேண்டுமாம். அன்றைக்கு நான் விளையாட்டைத் திட்டுவதை விட்டேன். பார்க்க ஆசைப்பட்டேன்.

பார்க்க ஆசைப்பட்டதற்குச் செலவு இருந்தது. நல்ல பலகை ஒன்றின் விலைக்கு இங்கே ஓடுகிற மோட்டார் சைக்கிள் வாங்கலாம். சப்பாத்து தனிச் செலவு, கையுறை தனிச் செலவு. கையுறையின் உள்ளங்கை ஒரு பருவம் தாங்காது. பட்டத்துக்கு வரும் தடித்த நூலால் அதை நான் திரும்பத் திரும்பத் தைத்துக் கொடுத்தேன், கடைசியில் பழைய கையுறையை விடத் தையல்தான் அதிகம். படகு எங்களுடையதல்ல. களப்போரத்து விடுதிக்காரர் ஒருவர் எப்போதோ ஆசைப்பட்டு வாங்கிக் கைவிட்டது. கணவர் அதன் என்ஜினைப் பார்த்துக்கொள்வார், பதிலுக்கு விருந்தாளிகள் எழும்பும் முன் காலையில் ஓட்டிக்கொள்ளலாம். பெட்ரோல் மட்டும் எங்கள் தலையில். வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் கருவி ஒன்று அந்தப் படகில் இருந்தது. அதை உப்புக்காற்று தின்றுவிட்டது. ஆகவே கையால்தான் வேகத்தைப் பிடிக்க வேண்டும், அதற்கு ஒரு நல்ல கை வேண்டும்.

அந்தக் கை என் தம்பியுடையது. அவன் களப்பில் நண்டு வலை போடுகிறவன். எந்தப் படகில் ஏற்றினாலும் என்ஜின் சத்தத்தை ஒரே சுருதியில் வைத்துக்கொண்டு போவான். மச்சானுக்காகக் காலையில் ஒரு மணித்தியாலம் ஓட்டிக்கொடுத்துவிட்டு, பின்னேரம் தன் வேலைக்குப் போவான். காசு வாங்கமாட்டான். பாணும் சம்பலும் கட்டிக் கொடுத்தால் போதும்.

பலகையின் அடியில், வால் பக்கம், ஒரு சின்ன உலோகத் தகடு உண்டு. அதை ஒரு மயிரிழை முன்னே பின்னே நகர்த்தினால் பலகையின் குணமே மாறிவிடுமாம். வளைகுடாவில் சரியாக இருந்த அளவு புத்தளக் களப்பில் சரிவராது, இங்கே உப்பு கூட, பலகை உயரமாக மிதக்கும் என்று கணவர் சொல்வார். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பார்த்த வேணியர் அளவுகோலைப் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தகட்டை அளந்துகொண்டே இருப்பார். கல்யாணப் பெண்ணுக்கு நகை செய்கிற தட்டான் கூட அவ்வளவு பார்க்கமாட்டான்.

இவ்வளவும் எதற்காக என்றால், ஒரு போட்டிக்காக. அயல்நாட்டில், வயது போனவர்களுக்கென்று தனிப் பிரிவு. நேரில் போகும் முன் ஒரு காணொளி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்: முழுக்கயிற்றில் ஆறு பந்தும் சுற்றிக் காட்ட வேண்டும், பிறகு கயிற்றைக் குறுக்கி எத்தனை வரை போகிறார் என்று காட்ட வேண்டும். வளைகுடாவில் ஆறும் சுற்றியவர்தான். ஆனால் நம் களப்பில் அவருக்கு ஒரு தடவை கூட ஆறு வரவில்லை. நாலாவது பந்தில் விழுந்தார். மறுநாளும் நாலாவது பந்து. அதற்கடுத்த வாரமும் நாலாவது பந்துதான். நான் பின்னால் பார்த்துக்கொண்டிருப்பவள், எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அந்த இடத்தில் கயிறு ஒரு கண் சிமிட்டும் நேரம் தளரும், பிறகு வெடுக்கென்று இறுகும். அந்த வெடுக்கில் அவர் பறப்பார்.

விழுவதென்றால் நீங்கள் நினைப்பது போல் தண்ணீரில் பொத்தென்று விழுவதல்ல. அந்த வேகத்தில் தண்ணீர் சீமெந்துத் தரை. ஒருமுறை காதுச் சவ்வு கிழிந்தது, சில வாரங்கள் நான் பேசுவது அவருக்கு ஒரு பக்கம்தான் கேட்டது. அது அவருக்கு வசதியாக இருந்ததாகவே எனக்குப் பட்டது. ஒருமுறை கைப்பிடி திரும்பி வந்து உதட்டைப் பிளந்தது. விலா எலும்பில் அடிபட்டுச் சிரிக்க முடியாமல் திரிந்தார், தம்பி அவரைச் சிரிக்க வைப்பதையே தொழிலாக வைத்திருந்தான். இதையெல்லாம் கதையாகச் சொல்லிச் சிரிக்கலாம். தோள் விலகிய நாளைச் சொல்லிச் சிரிக்க முடியாது. அதுவும் நாலாவது பந்துதான். வலது கை முன்பக்கமாக ஒரு புதிய இடத்தில் தொங்கியது. புத்தளம் ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோவில் அவர் ஒரு சத்தமும் போடவில்லை, நான்தான் வழியெல்லாம் ஓதிக்கொண்டே போனேன்.

விலகிய மூட்டைத் திரும்பப் பொருத்திவிட்ட டொக்டர் இளம் பெண். எப்படி விலகியது என்று கேட்டார், சொன்னோம். "கயிறு இழுக்கேக்க விட்டுட வேண்டியதுதானே?" என்றார். "விட்டா பந்து போயிடும்" என்றார் கணவர். டொக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். இன்னொரு தடவை விலகினால் சத்திரசிகிச்சைதான், அதன் பிறகு இந்த விளையாட்டை மறந்துவிட வேண்டும், என்ஜின் வேலைக்கே கை சரியாக உயருமோ தெரியாது என்றார். நான் அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் மனதில் வைத்துக்கொண்டேன். கணவர் காதில் விழுந்தது, எத்தனை மாதம் கழித்து மறுபடி தண்ணீருக்குப் போகலாம் என்பது மட்டும்தான்.

அவர் வீட்டில் இருந்த அந்த நாட்களில் காற்றும் கூடிவிட்டது. தம்பியும் அவரும் பின்னேரங்களில் என் கடைக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு எதிர்காலத்தைக் கதைத்தார்கள். புத்தளம் வீதியோரம் நோய் வந்து கைவிடப்பட்ட இறால் பண்ணைகள் எத்தனையோ கிடக்கின்றன. நடுவிலுள்ள வரம்புகளை வெட்டி எடுத்தால் நீளமான, அலையில்லாத, யாருடைய வலையும் இல்லாத தண்ணீர் கிடைக்கும் என்பது கணவரின் கனவு. வெளிநாடுகளில் இப்படித்தான் தோண்டி வைத்திருக்கிறார்களாம். கடலும் ஏரியும் நம்பி யாரும் போட்டி வைப்பதில்லையாம். மின்சாரத்தில் ஓடும் இழுவைப் படகும் வந்துவிட்டது, புகையில்லை, பெட்ரோல் இல்லை, என்ன, விலையைக் கேட்டால் மயக்கம் வரும் என்றார். எனக்கு இது புதினமாக இருந்தது. நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் நாலு சுவருக்குள் மறைவாக நீந்தப் பழகக்கூட இடமில்லை, ஒரு மூடின குளம் இருந்தால் எவ்வளவு நல்லது என்று நானும் சேர்ந்து கனவு கண்டேன். "இவ்வளவு காசு போடுறது யாரு?" என்று கேட்டதும் இரண்டு பேரும் தேத்தண்ணியைப் பார்த்தார்கள்.

இதற்கிடையில் கணவர் நாலாவது பந்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். தகட்டைக் கழற்றி மாற்றினார். சப்பாத்தை ஒரு துளை பின்னுக்கு நகர்த்தினார். பலகையே சரியில்லை, புதிது வேண்டும் என்ற பேச்சும் மெல்ல வந்தது. அந்தப் பேச்சுக்கு நான் இரண்டு காதையும் கொடுக்கவில்லை.

காரணம் எனக்குக் கிடைத்தது என் மெசினில். கிழிந்த பட்டம் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். துணி இரண்டு மடிப்பாக வரும் இடத்தில் என் கால் பெடலில் தானாகத் தளர்ந்தது, மெசின் சத்தம் ஒரு நொடி இறங்கி மறுபடி ஏறியது. அந்தச் சத்தத்தை நான் வேறு எங்கோ கேட்டிருக்கிறேன் என்று பட்டது. யோசித்துப் பார்த்தேன். படகில், நாலாவது பந்தில், கயிறு தளர்வதற்குச் சற்று முன்னால்.

காற்று அடங்கியதும் மறுபடி போனோம். அன்று கணவரைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டுத் தம்பியோடு நான் மட்டும் ஏறினேன். முதல்முறையாக முன்னால் பார்த்து உட்கார்ந்தேன். வெறும் படகை அவன் பந்துகளுக்கு நடுவே ஓட்டினான். செம்மஞ்சள் பந்துகள் ஒரு சோடி, இன்னொரு சோடி என்று பக்கத்தால் போயின. நாலாவதுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் செம்மஞ்சள் இல்லை. வெள்ளைக் கேன்கள். பந்துகளைக் கட்டின முதல் வாரமே ஒரு காற்று அந்தச் சோடியை அறுத்துக்கொண்டு போயிருந்தது, புதிது வாங்குவதற்குப் பதில் என் வீட்டுக்காரர் இரண்டு எண்ணெய்க் கேன்களைக் கட்டிவிட்டிருந்தார். அதில் மிச்சம் பிடித்த காசைப் பற்றி என்னிடம் பெருமையாகவும் சொல்லியிருந்தார். கேன்களைக் கண்டதும் தம்பியின் கை, அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், பின்னுக்கு வந்தது. கேன்கள் கடந்தன. கை முன்னுக்குப் போனது.

வெளியூர்க்காரருக்கு இதில் ஒன்றும் விளங்காது. நம் களப்பில் வெள்ளைக் கேன் மிதந்தால் அதன் கீழே யாரோ ஒருவரின் நண்டு வலை இருக்கிறது. கண்டதும் வேகத்தைக் குறைத்து, என்ஜினைத் தூக்கி, வழுக்கிக் கடக்க வேண்டும். வலையை அறுத்தால் ஒரு வீட்டின் அன்றைய சோற்றை அறுத்தது போல. தம்பி நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து வள்ளத்தில் இருக்கிறவன், அவன் கைக்கு இது மூச்சு விடுகிற மாதிரி.

"கேன் கிட்ட வேகத்தக் குறைச்சாய்" என்றேன்.

"நானா? இல்ல ராத்தா."

திரும்பவும் ஓட்டச் சொன்னேன், கையைப் பார்த்துக்கொள் என்றேன். பார்த்தான். கை பின்னுக்கு வந்தது. அவன் படகை நிறுத்திவிட்டு, யாரோ வேறொருவருடைய கையைப் பார்ப்பது போலத் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மச்சானின் தோளை விலக்கியது எது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கரையில் விஷயத்தைச் சொன்னபோது கணவருக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. பலகையில் பிழையில்லை, தகட்டில் பிழையில்லை, தன்னிலும் பிழையில்லை. "சின்ன விஷயம்" என்றார். "ஒரு கிழமைக்கு நாளும் அந்தக் கேனுக்கு நடுவால வேகத்தக் குறைக்காம ஓட்டு மச்சான். கை பழகிடும்."

தம்பி மச்சானுக்கு மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. "ஏலாது மச்சான்" என்றான். "அந்தக் கை எனக்கு வேணும். பின்னேரம் அதோடதான் தொழிலுக்குப் போறன். பழக்கிட்டா வலைக்கு மேல போயிடுவன். எங்கட ஆக்கள்ட வலை."

கணவர் தோளைத் தடவிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார். எனக்கு இரண்டு பேர் மேலும் பாசமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. தண்ணீரில் கட்டியதை மாற்றினால் தீரும் விஷயத்துக்கு மனிதனின் கையை மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். கடையில் கிழிந்த பட்டத் துணி குவிந்து கிடக்கிறது. செம்மஞ்சளாகப் பார்த்து எடுத்து, இரண்டு கேன்களுக்கும் உருண்டையாக உறை தைத்தேன். பூசணிக்காய் மாதிரித்தான் இருந்தன. ஆனால் தம்பி அவற்றின் நடுவே ஓட்டிப் பார்த்தான், கை அசையவில்லை. வேகமும் சத்தமும் கடைசி வரை ஒன்றாகவே இருந்தன.

காணொளி எடுத்த காலை களப்பு எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. போனைப் படகின் நடுக் கம்பத்தில் கட்டினேன். கணவர் தோளைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார், டொக்டரின் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. தம்பி பிஸ்மி சொல்லி வேகத்தை ஏற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் நான் கயிற்றை மட்டும் பார்த்தேன். அது கம்பி போல நின்றது. நாலு, ஐந்து, ஆறு. எங்கள் களப்பில் முதல்முறையாக ஆறு. அவர் கதவு போல் நிற்கும் கடைசிச் சோடிப் பந்துகளுக்கு நடுவால் வந்து, கைப்பிடியை விட்டு, மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கினார். நான் கத்தினேன் என்று தம்பி சொல்கிறான், எனக்கு ஞாபகமில்லை.

படகு திரும்பி அவர் பக்கத்தில் வந்தது. அவர் தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு விரல்களைக் கத்திரிக்கோல் போல் வெட்டிக் காட்டினார். கயிற்றைக் குறுக்கு என்று அர்த்தம். குறுக்குவது என் வேலை. கயிற்றில் நிறம் நிறமாக வளையங்கள் உண்டு, அடுத்த வளையத்தை எடுத்துக் கம்பத்தில் மாட்ட வேண்டும். ஆறு சுற்றியாயிற்று, தோள் தோளாக இருக்கிறது, இதோடு கரைக்குப் போகலாம். போனால் காணொளி பாதிதான். அவர் முகத்தைப் பார்த்தேன். கம்பளத்துக்குள் பலகையை ஒளித்துக்கொண்டு வந்த அதே முகம். உண்மையைச் சொன்னால், எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது. வளையத்தை மாட்டினேன்.

ஒன்று வந்தது. இரண்டு வந்தது, நெருக்கமாக, நுரை பந்தின் மேல் ஏறியது. மூன்றில் அவர் இவ்வளவு சரிந்து நான் பார்த்ததில்லை, முழங்கை தண்ணீரைத் தொட்டது. மூன்றைச் சுற்றி, நாலை நோக்கித் திரும்பி, படகின் அலையைக் கடக்கும்போது பலகையின் முன்பக்கம் தண்ணீருக்குள் போனது. கயிறு இறுக்கமாகவே இருந்தது, அவர்தான் முன்னால் மடிந்தார். கையை உயர்த்தினேன்.

தம்பி என்ஜினை நிறுத்திவிட்டு அப்படியே குதித்தான். நான் எட்டிப் பார்த்தபோது கணவரின் வலது கை மறுபடி அந்தப் புதிய இடத்தில் தொங்கியது. தம்பி அவர் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தான். தம்பியின் முகம் முழுக்க ஈரம், எது களப்பு எது கண்ணீர் என்று தெரியவில்லை.

"என்ட கை அசஞ்சிச்சா ராத்தா?" என்று கேட்டான்.

"இல்ல. அசையல்ல."

கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கயிறு தளந்திச்சா?"

"இல்ல. இறுக்கமாத்தான் இருந்திச்சு."

"அப்ப இது நான் விழுந்தது" என்றார். வலியில் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு தெளிவு இருந்தது. பிறகு, "எத்தன?" என்றார்.

"மூணர." நாலுக்குப் போன பாதி வழியையும் நான் அரையென்று கணக்கில் சேர்த்தேன்.

"கேட்டியா மச்சான், மூணர" என்றார், தன்னைப் பிடித்துக்கொண்டிருந்தவனிடம்.

சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. கை தோள்மட்டம் வரை உயர்கிறது, என்ஜின் வேலைக்குப் போதும், பலகைக்குப் போதாது, போட்டிக்கும் போகவில்லை. நான் அதற்காக அழுதிருக்கிறேன், அவர் இல்லாத நேரம் பார்த்து. இப்போது யாராவது அவரிடம் அந்த விளையாட்டு என்னவாயிற்று என்று கேட்டால், தோள் போனதை அவர் சொல்வதில்லை. "குறுக்கின கயிறு, மூணர" என்கிறார். கேட்டவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. பக்கத்தில் நின்றால், "ஓம், மூணர" என்று நானும் சொல்கிறேன்.